சூரியன்மேல் போட்ட பழி

ஈவர் வேலைக்குக் கிளம்பிப் போன சற்று நேரத்தில்தான் டோர்ட்டே அந்த மேசையைப் பார்த்தாள். பழைய சாமான் விற்கிற இணையப் பக்கத்தில் யாரோ ஓர் அம்மாள் படம் போட்டிருந்தாள். தேக்கு மேசை, கூடவே ஆறு நாற்காலி. இந்த மாதிரி ஒன்றைத்தான் டோர்ட்டே இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். யாரும் கொத்திக்கொண்டு போவதற்குள், எனக்கு எடுத்து வையுங்கள் என்று அந்த அம்மாளுக்கு எழுதிப் போட்டாள். அப்புறம்தான் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. படத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள்.

"ஒரு படம் அனுப்பியிருக்கேன், பாரு."

"வண்டி ஓட்டிட்டிருக்கேன், டோர்ட்டே."

"தெரியும். ஒரு நிமிஷம் பாத்துச் சொல்லு. வேண்டாம்னா இப்பவே அந்தம்மாகிட்ட சொல்லணும்."

"நீயும் உன் மேசையும்" என்று ஈவர் சிரித்தான். பிறகு வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. "ம், நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பக்கத்துக் கால்ல ஒரு கீறல் தெரியுதே, கவனிச்சியா?"

"எந்தக் கால்ல?"

பதில் வரவில்லை. கனமான மூட்டை ஒன்றைப் பலகைமேல் போட்டது போல ஒரு சத்தம் வந்தது. பிரேக் கிறீச்சிட்டது. போன் எங்கோ கீழே விழுந்து உருண்டது. அப்புறம் எல்லாம் அடங்கிப்போய்விட்டது. டோர்ட்டே "ஈவர், ஈவர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெகு தூரத்தில் ஈவரின் குரல், அவன் குரல் போலவே இல்லாமல், "கடவுளே, கடவுளே" என்றது.

தீராவுக்குப் பன்னிரண்டு வயது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். டென்மார்க்கில், யூலாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் போவார்கள். அவள் அப்பா எஸ்பெனுக்குத் துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் வேலை. அம்மா ரிக்கே முதியோர் இல்லத்தில் செவிலி. ஈவர் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையே மூன்று தெருதான். அவர்கள் வீட்டுக் கொதிகலன் கெட்டுப்போனால் சரிசெய்யப் போகிறவன் ஈவர். தீராவின் பல்லுக்குக் கம்பி கட்டிய பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தவள் டோர்ட்டே. போன மாதம்கூட அந்தப் பெண் வந்து, கம்பிக்குப் பச்சை ரப்பர் போடச் சொல்லுங்கள், நீலம் கிழவிகள் போடுவது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அவள் உயிர் போய்விட்டது.

அது அக்டோபர் மாதம். காலைச் சூரியன் வயல் மட்டத்துக்கே தாழ்ந்து நின்று, அந்தச் சாலையில் கிழக்கே போகிறவர்களின் கண்ணில் அடிக்கும். வந்த போலீஸ்காரரிடம் ஈவர் முதலில் சொன்ன வார்த்தை அதுதான். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது, ஒன்றுமே தெரியவில்லை. அன்று காலை வெயில் அடித்தது மெய்தான். பொய்யில் பாதி மெய் கலந்துவிட்டால் அப்புறம் அதை அசைக்க முடியாது.

சாயங்காலம் யாரோ ஈவரைக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். கோட்டைக் கழற்றாமலே அடுப்படியில் உட்கார்ந்தான்.

டோர்ட்டே கேட்டாள், "போன் கையில இருந்துச்சுன்னு சொன்னியா?"

"ஸ்டாண்டுல இருந்துச்சுன்னு சொன்னேன். ஸ்பீக்கர்ல பேசிட்டிருந்தேன்னு."

"ஈவர்..."

"படம் அனுப்பினது நீ. பாரு பாருன்னு சொன்னதும் நீ." அவன் குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன குரல். "நான் உன்னைக் குத்தம் சொல்லல. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். நீயும் என்னைச் சொல்லாத. அவ்வளவுதான்."

 அவன் போனிலிருந்து அந்தப் படத்தை அதற்குள் அழித்திருந்தான். அவளும் தன் போனில் இருந்ததை அழித்தாள்.

மறுநாள் ஒரு போலீஸ்காரி வந்தாள். சின்ன வயசு, மரியாதை தெரிந்தவள். காலணியை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கொடுத்த காபியைக் குடித்தாள்.

"நீங்க அவர்கூடப் பேசிட்டிருந்தப்பதான் நடந்திருக்கு. உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு புரியுது" என்றாள். "கேட்டாகணும், அதனால கேட்கிறேன். அவர் போனை ஸ்டாண்டுல வெச்சுத்தான் பேசினாரா?"

"ஆமா. அவர் எப்பவும் அப்படித்தான்."

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு."

போலீஸ்காரி தலையாட்டினாள். கையில் பிடிக்காமல் பேசினால் சட்டப்படி குற்றமில்லை. வெயில் அடித்ததற்கு ஊரே சாட்சி. டோர்ட்டே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். அதற்கு ஒரு கோப்பை காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மேசை அடுத்த வாரம் வந்தது. அந்த அம்மாளும் அவள் மருமகனும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். டோர்ட்டே கதவை அகலத் திறந்துவிட்டாள்.

ஈவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவனுடைய கொதிகலன் கடையை வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவன் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று ஊருக்குள் பேச்சானது. அது பொய்யில்லை. அந்தப் பேச்சு எஸ்பென் காதுக்கும் போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வந்து கதவைத் தட்டினான்.

"ஈவரைப் பாக்கணும்" என்றான்.

டோர்ட்டே வழிவிட்டாள். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை. எஸ்பென் அந்தப் புது மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான். ஈவர் இரவு உடையோடு எழுந்து வந்து எதிரில் நின்றான்.

"உக்காரு" என்றான் எஸ்பென். "நான் சண்டைக்கு வரல. சூரியன் யாரைக் கேட்டுக்கிட்டு உதிக்குது? அன்னைக்கு நீ போன, அவ வந்தா. நான் போயிருந்தா என் வண்டியில யார் வீட்டுப் பிள்ளையாவது அடிபட்டிருக்கும். உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல, ஈவர். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஈவர் குலுங்கிக் குலுங்கி அழுதான். எஸ்பென் எழுந்து போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். பிறகு இரண்டு பேரும் காபி குடித்தார்கள். எஸ்பென் உள்ளங்கையால் மேசையைத் தடவிக்கொண்டே இருந்தான். "நல்ல மரம்" என்றான் போகும்போது. டோர்ட்டே கழுவுதொட்டிப் பக்கம் திரும்பி நின்று, குழாயைத் திறந்து விட்டாள்.

எஸ்பென் செய்தது ஊரெல்லாம் பரவியது. பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார். உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. இவனல்லவா மனிதன் என்றார்கள். ரிக்கேவை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"அதே ரோட்டுல, அதே வெயில்ல நானும்தான் அன்னைக்கு வேலைக்குப் போனேன்" என்பாள் ரிக்கே, யார் ஆறுதல் சொல்ல வந்தாலும். "கண்ணு கூசுச்சு. மெதுவா ஓட்டினேன். எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. அவனுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

ஒரு நாள் கடைத்தெருவில் ஈவரை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் கையை நீட்டினாள். "உன் போனைக் காட்டு. அன்னைக்கு என்ன பாத்துட்டிருந்த?" ஈவர் வெளுத்துப்போய் நின்றான். எஸ்பென்தான் ஓடிவந்து அவளை இழுத்துப் போனான். சாயங்காலம் வந்து ஈவரிடம் மன்னிப்பும் கேட்டான். "அவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. மனசுல வெச்சுக்காத" என்றான்.

குளிர்காலம் முடிவதற்குள் ரிக்கே வீட்டை விட்டுப் போய், பக்கத்து ஊரில் சின்னதாக ஒரு குடியிருப்பில் தனியாக இருக்க ஆரம்பித்தாள். பெண்ணைப் பறிகொடுத்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தார்கள். எஸ்பென் பாவம், எவ்வளவுதான் பொறுப்பான் என்றது ஊர்.

அதற்கு முன்பே ஒரு காலை பல் மருத்துவமனையில் டோர்ட்டேவின் மேசையில் போன் அடித்தது. எடுத்தால் ரிக்கே.

"தீராவுக்கு அடுத்த வாரம் கம்பியை முடுக்கணும்னு எனக்குச் செய்தி வந்திருக்கு."

அந்தச் செய்திகளைக் கணினி தானாக அனுப்பும். பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டியவள் டோர்ட்டேதான். மறந்திருக்கவில்லை. திரையில் அந்தப் பெயரைத் தொட அவளுக்கு விரல் வரவில்லை.

"அவ வரமாட்டா" என்று சொல்லிவிட்டு ரிக்கே போனை வைத்தாள்.

ஈவர் மட்டும் மெல்லத் தேறினான். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். தாழ்ந்த சூரியன் எத்தனை ஆபத்து, ஓட்டுகிறவன் கண்ணுக்குப் பிள்ளைகள் எப்படித் தெரியாமல் போகிறார்கள் என்று பேசினான். தன் செலவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிற மஞ்சள் சட்டை வாங்கிக் கொடுத்தான். வெயிலை மறைக்க அந்தச் சாலையோரம் மரம் நட வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதினான். வசந்தத்தில் நட்டார்கள். முதல் குழியை ஈவரும் எஸ்பெனும் சேர்ந்து தோண்டினார்கள். சொல்லிச் சொல்லி அவனுக்கே அது நிஜமாகிவிட்டது. டோர்ட்டே கூட்டத்தில் ஓரமாக நின்று கைதட்டினாள். தட்டாமல் இருந்தால் யாராவது கவனிப்பார்கள்.

வீட்டில் அவர்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரு தடவை அவள் ஆரம்பித்தாள். "வெயில், வெயில்னு சொல்றியே, உனக்கு என்னமோ மாதிரி இல்லையா?" அவன் நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தான். "வெயில் அடிச்சுது, டோர்ட்டே. நீ அங்க இல்ல. எனக்குத்தான் தெரியும்."

கோடை முடிகிற சமயம், ஈவரின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டோர்ட்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாலைக்கு வந்தபோது அவள் எப்போதும் செய்வது போல மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். ஈவரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவள் தலையைத் தூக்குவதற்குள் அவன் அதை எடுத்து, ஸ்டியரிங்மேல் வைத்து, கட்டைவிரலால் எழுத ஆரம்பித்துவிட்டான். வண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தது.

"ஈவர், கீழ வை."

"இரு. நம்ம ஆளு ஒருத்தன் எந்த வால்வு போடணும்னு கேட்கிறான். ரெண்டு எழுத்துதான்."

"இந்த இடத்துலயா?"

அவன் வெளியே பார்த்தான். நட்ட கன்றுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் எதைச் சொல்கிறாள் என்று ஒரு கணம் அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு வானத்தைப் பார்த்தான்.

"இன்னைக்குத்தான் வெயிலே இல்லையே, டோர்ட்டே" என்றான். "பாரு, மூட்டமா இருக்கு."

"வண்டியை நிறுத்து."

"என்ன ஆச்சு உனக்கு?"

"நிறுத்து."

அவள் இறங்கி நடந்தாள். அவன் கொஞ்ச தூரம் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு கூடவே வந்தான். கண்ணாடியை இறக்கி, ஏறு, ஊர் பார்க்கிறது என்றான். பிறகு போய்விட்டான். அவள் வீட்டுப்பக்கம் திரும்பவில்லை. எஸ்பென் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

எஸ்பென் தோட்டத்தில் வேலிச்செடியை வெட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்து, வா, காபி போடுகிறேன் என்றான். அவள் உள்ளே போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொல்லிவிட்டாள். போன் கையில் இருந்தது, நான்தான் படம் அனுப்பினேன், பார்க்கச் சொன்னேன், அவன் பார்த்தான், படத்தில் கீறல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் இடித்தான். கண்ணில் வெயில் விழவே வழியில்லை, கண் சாலையிலேயே இல்லை.

எஸ்பென் குனிந்து கத்தரியை எடுத்து, மறுபடியும் கீழே வைத்தான்.

"என்ன படம்?" என்று கேட்டான்.

"மேசை."

"எந்த மேசை?"

அவள் வெட்டிப்போட்ட செடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் வந்து உக்காந்து காபி குடிச்சேனே, அதுவா?"

"ஆமா."

அவன் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பில்லை அது. "நல்ல மரம்னு வேற சொன்னேன்" என்றான்.

"உனக்குத் தெரியணும்னு..."

"எதுக்கு? எனக்கு எதுக்குத் தெரியணும்? சூரியன்மேல பழியைப் போட்டுட்டு நான் தூங்கிட்டிருந்தேன், டோர்ட்டே. சூரியன்மேல யாரும் கோவப்பட முடியாது. அது எவ்வளவு நிம்மதி தெரியுமா? இப்ப வந்து அதையும் பிடுங்கிட்ட." அவன் குரல் உயரவே இல்லை. "ரிக்கேவை நான் பைத்தியம்னு சொன்னேன். டாக்டர்கிட்டப் போ, மருந்து சாப்பிடுன்னு சொன்னேன். அவ பெட்டியைத் தூக்கிட்டுப் போனப்பகூட நீதான் விஷம்னு சொன்னேன். அப்பல்லாம் நீ எங்க இருந்த? மூணு தெரு தள்ளி இருந்த."

"தப்புதான்."

"போ. போலீஸ்ல போய்ச் சொல்லு. உன் பாரத்தை என் வாசல்ல இறக்கி வெச்சுட்டு லேசாப் போயிடலாம்னு பாக்காத."

அவள் போலீசிடம் போனாள். அதே இளம் போலீஸ்காரிதான் இருந்தாள். இந்தத் தடவை அவள் காபி வேண்டும் வேண்டாம் என்று கேட்கவில்லை, இவள் முகத்தையும் பார்க்கவில்லை. போன் கம்பெனியிலும் அந்த விற்பனைப் பக்கத்திலும் விசாரித்து, படம் போனது, பேச்சு ஓடியது எல்லாவற்றையும் எடுத்தார்கள்.

கோர்ட்டில் ஈவர் அவளைப் பார்க்கவே இல்லை. "பாரு, உடனே பாருன்னு அவ விடாம நச்சரிச்சா" என்று சொன்னான். அது பொய் என்று அவளால் சொல்ல முடியாது. அவனுடைய ஓட்டுநர் உரிமத்தைப் பறித்தார்கள். சிறைத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. ஆனால் இன்னொரு தப்புச் செய்யாத வரைக்கும் உள்ளே போக வேண்டியதில்லை என்றார்கள். போலீசிடம் பொய் சொன்னதற்கு டோர்ட்டேவுக்கு அபராதம்.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். ஈவரை ஊர் சீக்கிரமே மன்னித்துவிட்டது. யார்தான் வண்டியில் போன் பார்க்கவில்லை, அவனுக்குப் போதாத நேரம் என்றார்கள். நெஞ்சில் கைவைத்துப் பார்த்தால் அந்த ஊரில் கார் வைத்திருந்த அத்தனை பேரும் அவன்தான். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று டோர்ட்டேவுக்குத்தான் பெயர் வந்தது. அதுவும் சொல்வதாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா என்றார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. நோயாளிகள் சங்கடப்படுகிறார்கள் என்று பல் மருத்துவர் பக்குவமாகச் சொன்னார். அவளாகவே வேலையை விட்டாள். ஈவர் தங்கை வீட்டோடு போய்விட்டான். உரிமம் இல்லாததால் கடை வேலைக்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விடுகிறார்கள். தொழில் நன்றாகவே நடக்கிறது.

தீர்ப்புச் சொன்ன அன்று கோர்ட்டு நடையில் ரிக்கே நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் இறங்கிப் போகும் வரைக்கும் காத்திருந்து, டோர்ட்டேவுக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு வருடத்தில் பத்து வயது கூடியிருந்தது. அறையப்போகிறாள், அல்லது திட்டப்போகிறாள். நன்றி சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றும் டோர்ட்டே பயந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும்" என்றாள் ரிக்கே. "போன்ல நீ இருந்த. உனக்குக் கேட்டிருக்கும். அவ கத்தினாளா? யாரையாவது கூப்பிட்டாளா?"



"இல்ல, ரிக்கே. ஒரு சத்தமும் வரல. நான் கேட்டுட்டேதான் இருந்தேன். அவ குரலே வரல."

அது உண்மை. அந்த ஒரு வருடத்தில் அவள் யாரிடமாவது சொன்ன எதையும்விட உண்மை. வலியில்லாமல் போனாள் என்று ஒரு தாய் தெரிந்துகொள்ள அவளிடம் இருந்த ஒரே வார்த்தை அதுதான். ரிக்கே அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போலீஸ்காரிகிட்டயும் இதே மாதிரிதான் நேராப் பாத்துச் சொல்லியிருப்ப" என்றாள்.

"இது நிஜம். சத்தியமாச் சொல்றேன்."

"நம்பணும்னுதான் எனக்கு ஆசை. வேற யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்."

கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பற்றியபடி ரிக்கே படியில் இறங்கினாள். டோர்ட்டே பின்னாலேயே இரண்டு படி இறங்கினாள். மறுபடியும் சொன்னால் இன்னும் பொய்யாகத்தான் கேட்கும் என்று தோன்றியதும் அங்கேயே நின்றுவிட்டாள்.